இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை

நாளைக் காலை எட்டு மணிக்கு அம்மாவுக்கு ஒபரேஷன். இரத்தினபுரி ஆஸ்பத்திரி வார்டில் இந்நேரம் அவள் தூங்குகிறாளா, விழித்துக்கொண்டு கிடக்கிறாளா தெரியவில்லை. அப்பா ஆஸ்பத்திரி வாசலில் எங்காவது சாக்கை விரித்துப் படுத்திருப்பார். இங்கே தோட்டத்து லய வரிசையில், எங்கள் காம்பரா அறையில் நானும் தங்கச்சியும் மட்டும்தான். துணைக்கு வந்த பக்கத்துக் காம்பரா மூக்காயி பெரியம்மா இஸ்தோப்புத் திண்ணையில் குறட்டை விடுகிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மா செத்துப்போனால் அது என்னால்தான். இதைப் பெரியம்மாவிடம் சொல்ல முடியாது. லயம் முழுக்கப் பரவிவிடும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், ஒன்றையும் விடாமல்.

அம்மாவுக்கு ஒரு வருஷமாக இரத்தம் போய்க்கொண்டிருந்தது. முதலில் மாதத்தில் பத்து நாள், பிறகு பதினைந்து நாள், கடைசியில் போகாத நாளே இல்லை. இடுப்பில் படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு கொழுந்து மலைக்குப் போய் வந்தாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை. தீட்டோடு கோயிலுக்குள் போகக் கூடாதல்லவா, வெள்ளிக்கிழமைகளில் மாரியம்மன் கோயில் படிக்குக் கீழே ரோட்டில் நின்றபடியே கும்பிடுவாள். "ஜீவராணிக்குப் பெரிய மகாராணின்னு நெனப்பு, பத்துப் படி ஏற மாட்டாளாம்" என்று மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள்.

போன மாதம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகுதான் இரத்தினபுரி கிளினிக். அப்பாவுக்கு இறப்பர் பால் வெட்டு இருந்ததால் நான் கூடப் போனேன். எனக்குப் பதினாறு வயது. வீட்டில் மற்றவர்களைவிட எனக்குத்தான் சிங்களம் நன்றாக வரும்.

டொக்டர் ஒரு சிங்கள மிஸ். அவர் சொன்னது ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, சின்னத் தேங்காய் அளவு. கர்ப்பப்பையோடு எடுக்க வேண்டும். உடம்பில் இரத்தம் பாதிகூட இல்லை. பதினான்காம் தேதி வியாழக்கிழமை வந்து வார்டில் சேர வேண்டும். "இதற்கு மேல் தள்ளிப்போட்டால் அம்மா இருக்க மாட்டார். அப்பாவிடம் சொல்." என் முகத்தைப் பார்த்துவிட்டு முதுகில் தட்டினார். "பய வென்ன எப்பா, துவே." பயப்படாதே மகளே என்று.

அம்மா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னாடி சொல்றாங்க?"

"சின்னக் கட்டியாம்மா. எடுத்தா நல்லதாம். பதினாலாந் தேதி வரச் சொல்றாங்க."

"எடுக்காட்டி?"

அவள் உதடு வெளுத்துப்போயிருந்தது. என்னால் முடியவில்லை.

"எடுக்காட்டியும் மருந்து குடுப்பாங்களாம்" என்று சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு வந்தாள். "கீழ் லயத்து அக்கா இப்புடித்தான் போச்சு. நடந்து போச்சு, பொட்டியில வந்துச்சு. கர்ப்பப்பைய எடுத்துட்டா பொறகு கொழுந்துக் கூட தூக்க முடியுமா? வெத்துப் பையாட்டம் கெடக்கணும்." வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடமும் நான் அந்தச் சின்னக் கட்டிக் கதையைத்தான் சொன்னேன். அம்மா பக்கத்தில் நின்றாள். தனியாக இருக்கும்போது அப்பாவிடம் சரியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

சொல்லவில்லை. ஏனென்றால் அடுத்த வாரமே ஓ.எல். பரீட்சை ரிசல்ட் வந்துவிட்டது.

எங்கள் தோட்டத்து டிவிஷனில் நான் ஒருத்திதான் பாஸ். இரத்தினபுரியில் போய் ஏ.எல். படிக்கலாம், அங்கே அத்தை வீட்டில் தங்கலாம் என்று பிரின்ஸிபல் சொன்னார். ஜன்னல் உள்ள அறை, ராத்திரி படிக்க லைட், பீலிக்குப் போய்த் தண்ணீர் சுமக்காத காலை. இதெல்லாம் என் தலைக்குள் சுற்றின. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். அவர் பால் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். "ம்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் சோறு தின்னும்போது தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "வெள்ளிக்கெழம ஆத்தாகிட்ட பூக்கட்டிப் பாக்கணும்."

என் படிப்பைப் பற்றித்தான் என்று நினைத்தேன். வேறு எதைப் பற்றி இருக்கும்? அந்த இரண்டு நாளும் அம்மாவின் கிளினிக் கார்டு என் நினைவிலேயே இல்லை. இதைச் சொல்லத்தான் எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது.

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் தோட்டத்தில் எல்லோரும் செய்வதுதான். ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாக வாழையிலையில் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். கேட்கிறவர் மனதுக்குள் கேட்டுக்கொள்வார். ஒரு சின்னப் பிள்ளை ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் நினைத்ததைச் செய்யலாம். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு யாரும் பேசக் கூடாது.

வெள்ளிக்கிழமை பூசாரி இருளப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டார். அவர் மற்ற நாட்களில் தோட்டத்தில் வடிகால் கான் வெட்டுகிறவர். "யாரு பூக் கட்டுறது? குளிச்சிருக்கணும், தீட்டு இருக்கப்படாது."

"நம்ம ஷாமிளா இருக்கா சாமி" என்றார் அப்பா.

தட்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனேன். நந்தியாவட்டையும் செவ்வரளியும் அங்கேதான் நிற்கின்றன. முதல் இலையில் நந்தியாவட்டையை வைத்து மடித்தேன். இரண்டாவது இலையில் செவ்வரளியை வைத்தேன். வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். சிவப்பு வந்துவிட்டால்? நாளைக்கே எனக்கும் கூடை கட்டி மலைக்கு அனுப்பிவிடுவார்கள். செவ்வரளியை எடுத்துக் கானுக்குள் போட்டேன். அந்த இலையிலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன்.

பயமாக இருந்தது. ஆனால் அப்போது இருந்தது வேறு பயம். அதில் சந்தோஷமும் கலந்திருந்தது.

"ஏழுமல, மனசுல கேளு" என்றார் பூசாரி அப்பாவிடம். "வாய்விட்டுக் கேட்டன்னா இங்க நிக்கிற அத்தன பேரும் பதில் சொல்லுவாங்க. ஆத்தாவுக்குப் பேச எடம் இருக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. என்னைப் பிரிந்திருக்க வேண்டுமே என்று அழுகிறார் என்று நினைத்தேன்.

தங்கச்சிக்கு நான்கு வயது. "எடு தங்கம்" என்றதும் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். "உள்ள பலகாரமா?" என்று கேட்டு வாயில் வைக்கப் போனாள். பூசாரி பிடுங்கிப் பிரித்தார். வெள்ளை. மற்றப் பொட்டலத்தை வழக்கம்போலப் பிரிக்காமலே ஓடையில் எறிந்தார்.

அப்பா விழுந்து கும்பிட்டார். எழுந்ததும் படிகளில் ஓடினார். கீழே ரோட்டில் அம்மா நின்றாள். அப்பா வாயால் என் பெயரைக் கேட்கவேண்டும் என்று நானும் பின்னால் ஓடினேன்.

"ஜீவராணி! ஆத்தா உத்தரவு குடுத்துட்டா! வெட்டாம விட்டுறலாமான்னுதான் கேட்டேன். வெள்ள குடுத்துட்டா. ஒனக்கு வெட்டு வேணாம்!"

அம்மா அந்த ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். தாரில் நெற்றியை வைத்துக் கும்பிட்டாள். "என் தாயே, என் தாயே" என்று சொல்லிக்கொண்டே அழுதாள், சிரித்தாள். நான் படியிலேயே நின்றேன். தங்கச்சி என் பாவாடையை இழுத்து, "அக்கா, பலகாரம் எங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். இப்போது சுலபமாகத் தெரிகிறது. அம்மனிடம் பொய் பண்ணினால் அந்த வீட்டில் அம்மை போடும், கண் போகும் என்று பூசாரி சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான். அப்பா அடிப்பார் என்ற பயம் ஒரு பக்கம். அதையெல்லாம்விட, அம்மா. அன்று ராத்திரி அவள் தேங்காய் போட்டு ரொட்டி சுட்டாள். சம்பல் இடித்தாள். அப்பா நாலாவது ரொட்டிக்குக் கை நீட்டியபோது, "ஆத்தா எனக்குத்தான் உத்தரவு குடுத்தா, ஒங்க வயித்துக்குக் குடுக்கல" என்றாள். அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. கிளினிக் கார்டைச் சுருட்டிக் கூரை இடுக்கில் செருகிவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து ஒரு வருஷமாகியிருந்தது.

தானாக நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை பார்த்தேன், நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிற்கவில்லை. ராத்திரி அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். டொக்டர் மிஸ் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். பூவைப் பற்றியும் எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு நான் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு பெண்கள் அம்மாவைத் தாங்கிப் பிடித்து மலையிலிருந்து கூட்டிவந்தார்கள். மறுநாள்தான் பதினான்காம் தேதி.

சாயங்காலம் பீலியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அம்மா துணி கசக்கிக்கொண்டிருந்தாள். கல்லில் வழிந்த தண்ணீர் சிவப்பாக ஓடியது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, அந்தப் பூ பொய்."

"எந்தப் பூ?"

"கோயில்ல. நான் ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளதான் வச்சேன்."

அவள் கை நிற்கவில்லை. துணியை முறுக்கிப் பிழிந்தாள். "எதுக்கு?"

"அப்பா என் படிப்பப் பத்திக் கேக்கப் போறாருன்னு நெனச்சேன்."

பிழிந்த துணியைக் கல்லில் வைத்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கை ஐஸ் மாதிரி இருந்தது.

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத."

"அம்மா, டொக்டர் சொன்னத நான் ஒங்ககிட்ட முழுசா சொல்லல. எடுக்காட்டி நீங்க இருக்க மாட்டீங்களாம். அப்புடித்தான் சொன்னாங்க."

"இப்ப இருக்கேன்ல?" என்றாள். குரல் சின்னப் பிள்ளையுடையது மாதிரி இருந்தது. "அஞ்சு நாளாத்தாண்டி பயமில்லாமத் தூங்குறேன். அத எடுத்துறாத. என் தலையில கை வச்சு சத்தியம் பண்ணு, சொல்ல மாட்டேன்னு."

என் கையை இழுத்துத் தன் தலையில் வைக்கப் பார்த்தாள். நான் கையை உருவிக்கொண்டு ஓடினேன். வழுக்கி விழுந்தேன், எழுந்து ஓடினேன். நின்றால் சத்தியம் பண்ணிவிடுவேன் என்று பயம்.

அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். "பூவுல நான் ஏமாத்திட்டேன் அப்பா" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மூன்று தடவை சொன்ன பிறகுதான் கத்தி நின்றது. அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"ஒன் படிப்பா?" என்றார். "அதுக்கு எதுக்குடி ஆத்தாகிட்டக் கேக்கணும்? ரிசல்ட் வந்த அன்னிக்கே ஒன் அத்தைக்குச் சொல்லி அனுப்பிட்டேனே. அனுப்புறதுன்னு முடிவு பண்ணியாச்சு. அதுல கேக்குறதுக்கு என்னா இருக்கு?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா லயம் லயமா ஓடிப் பீத்திக்குவ. போற அன்னிக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

அங்கேயே கானில் குனிந்து வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு டொக்டர் மிஸ் சொன்னது முழுவதையும் சொன்னேன். தேங்காய் அளவு. பாதி இரத்தம். இருக்க மாட்டார்.

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப ஆத்தா எனக்கு ஒண்ணுமே சொல்லல" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏதோ பெரிய ஆள் மாதிரி, நான்தான் பதில் சொல்லவேண்டும் என்பது மாதிரி பார்த்தார். "இப்ப நான் யாருகிட்டக் கேக்குறது?"

அப்பாவும் பயப்படுவார் என்று எனக்குத் தெரியாது.

"நானும் வெள்ள வரணும்னுதான் வேண்டிக்கிட்டேன்" என்றார். "அவ நடுங்குறதப் பாக்க முடியல. அது நின்னாப் போதும்னு இருந்துச்சு. அவ பொழைக்கணும்னு கேக்கத் தோணல பாரு."

அம்மா வாளியோடு வந்து நின்றாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள்.

"சொல்லிட்டியாடி?"

"விடிஞ்சா மொத பஸ்ஸுக்குப் போறோம்" என்றார் அப்பா.

"நான் வரல."

"வரணும்."

"ஆத்தா வேணாம்னுட்டா."

"ஆத்தா வாயே தொறக்கல ஜீவராணி. பேசினது இவதான்."

காலையில் அம்மா நிலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். அவள் கத்தவில்லை. கத்துவதற்குப் பலம் இல்லை. குருவிட்டையில் பஸ்ஸை நிறுத்தி ஆமிக்காரர்கள் அடையாள அட்டை பார்த்தார்கள். அம்மா கை நடுங்குவதைப் பார்த்து ஒருவன் பக்கத்தில் வந்தான். "அம்மாட்ட சனீப நே" என்றேன், அம்மாவுக்குச் சுகமில்லை என்று. அவன் அவள் உதட்டைப் பார்த்தான். அட்டையைத் திருப்பித் தந்துவிட்டுப் போனான்.

வார்டில் அதே டொக்டர் மிஸ்தான். அம்மாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் தூக்கிக்கொண்டுதான் வந்திருப்பீர்கள் என்றார். மூன்று நாள் இரத்தம் ஏற்ற வேண்டும், திங்கட்கிழமை ஒபரேஷன், ஆனாலும் ஆபத்து இருக்கிறது, நான் மறைக்க விரும்பவில்லை என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை ஒன்றையும் விடாமல் தமிழில் சொன்னேன். ஆபத்து என்ற சொல்லையும் சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

இன்று சாயங்காலம் பார்க்கப் போனேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கையில் ஊசி, மேலே இரத்தப் பை.

"நீ சொல்லாம இருந்திருந்தா நான் இப்ப வீட்டுல இருப்பேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

அவள் காலடியில் விலகிக் கிடந்த போர்வையை இழுத்து மூடிவிட்டேன்.

"நான் திரும்பி வராட்டி, நீ படிக்கப் போயிருவியா? சின்னவள யாரு பாக்குறது?"

"நான் போகல. எனக்கு இரத்தினபுரி வேணாம்மா."

சொல்லும்போது உண்மை மாதிரித்தான் இருந்தது. ஒன்பது நாளுக்கு முன்னால் அதற்காகத்தான் அம்மனையே ஏமாற்றினேன். அதுவும் உண்மை மாதிரித்தான் இருந்தது.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "ஏமாத்துக்காரி" என்றாள். வாய் ஓரத்தில் லேசாகச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. சிரிப்பா, ஊசி வலியா, சரியாகத் தெரியவில்லை.

நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் விரட்டினார். நான் வாசல் வரை போனபோது அம்மா கூப்பிட்டாள்.

"நாளைக்கு வர்றப்ப சீப்பு எடுத்துக்கிட்டு வா. மறந்துட்டு வந்துட்டேன். தல அரிக்குது."

படுக்கும் முன் மூக்காயி பெரியம்மா சொன்னார்: "சாமி படத்துக்கு வெளக்கு வச்சு, அம்மாவுக்காக நல்லா கேளுடி." விளக்கு வைத்தேன். கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் அதற்குப் பின்னால் எனக்குத் தெரியாத வேறு ஒன்று நிற்கும் என்று பயமாக இருந்தது. கேட்காமலே வந்து படுத்துவிட்டேன்.

பிறகு எழுந்து சீப்பைத் தேடினேன். அரிசி டின்னுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. அம்மாவின் முடி நாலைந்து சிக்கியிருந்தது. அதை எடுக்கவில்லை. அப்படியே பையில் வைத்துவிட்டேன். நாலரைக்குக் கிளம்பினால்தான் முதல் பஸ் பிடிக்கலாம். இப்போது என்ன நேரம் என்று தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்க்கவும் பயமாக இருக்கிறது.